கரை தேய்ந்த வரலாறு



யூபிலி மலர் என்றால் ஆலயம் எழுந்த வரலாறும், பணியாற்றிச் சென்ற குருக்களின் பெயர்களும், பக்த சபைகளின் அறிக்கைகளும் அதில் இடம்பெறுவது வழக்கம். இம்மலரின் பிற பக்கங்களில் அவை முறையே வந்துள்ளன. இக்கட்டுரையில் நாம் எழுத முற்படுவது நம் ஆலயத்திற்குக் கிழக்கே இருந்த நிலத்தைப் பற்றி. ‘இருந்த’ என்று சொல்லும்போதே செய்தி விளங்கியிருக்கும்.

நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்போர், பெற்றோர், ஞானப் பெற்றோர் ஆகியோரின் பெயர்களோடு, குடியிருந்த தெருவின் பெயரும் ஆங்காங்கே எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். அத்தெருக்களுள் சில இன்று இல்லை. பெயர் மாறிப் போகவில்லை; தெருவே இல்லை. அவை இருந்த இடத்தில் கருங்கற்கள் கிடக்கின்றன; கற்களின்மேல் அலை மோதுகிறது. முன்னாளில் திருவிழாத் தேர் கடலோரத் தெருவைச் சுற்றி வந்தது என்று பெரியவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இன்று தேர் செல்லும் பாதை அதைவிடக் குறுகியது.

இந்த நிலம் எங்கே போயிற்று என்று கேட்டால் நம்மிடையே இருவகையான விடை வருகிறது. “கடல் தாய் கொடுத்தாள், கடல் தாயே எடுத்துக் கொண்டாள்” என்பர் சிலர். “நம் பாவத்திற்கு ஆண்டவர் அனுப்பிய தண்டனை” என்பர் வேறு சிலர். இரண்டும் பொறுமையைத் தரலாம், உண்மையைத் தரவில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கரை தேய்ந்ததற்கு ஆண்டு குறித்த வரலாறு உண்டு. அறிந்து சொல்லக்கூடிய காரணங்கள் உண்டு. அவற்றை நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் ஏறுவது புதிதா?

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். சோழமண்டலக் கரையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் பழங்காலம் முதல் நடந்து வருவதே. மயிலையில் அப்போஸ்தலரான தோமையாரைப் பற்றிப் போர்த்துக்கீசியர் எழுதி வைத்த மரபுகளில், அவர் காலத்தில் கடல் வெகு தொலைவில் இருந்தது என்ற செய்தி வருகிறது. சாந்தோம் பேராலயத்தின் பின்புறம் கடலை நோக்கி நிற்கும் கம்பத்தை, ‘இதைத் தாண்டிக் கடல் வராது’ என்று அப்போஸ்தலர் நட்டதாக மக்கள் நம்புகின்றனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது அக்கம்பத்தை நினைத்துக் கைகூப்பியோர் பலர். இந்த மரபுகளை வரலாற்றுச் சான்றாக நாம் எடுத்து வைக்கவில்லை. கடல் நகர்ந்து வரக்கூடியது என்னும் நினைவு நம் மக்களிடையே நெடுங்காலமாக இருந்திருக்கிறது என்பதற்கே சொல்கிறோம்.

ஆங்கிலேயர் காலத்திலும் இத்தொல்லை இருந்தது. அந்நாளில் கறுப்பர் பட்டணம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனின் கிழக்கு ஓரத்தைக் கடல் அரித்தமையால், 1820-களின் தொடக்கத்தில் தெ ஹாவிலாண்ட் என்னும் படைப் பொறியாளரைக் கொண்டு அங்கே கல்லணை ஒன்று எழுப்பப்பட்டது.

ஆனால் இயற்கையாக நடக்கும் ஏற்ற இறக்கம் வேறு. ஒரே திசையில், நூறாண்டுக்கு மேலாக, திரும்பி வராமல் தேய்வது வேறு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் ஓர் இரவில் அழித்தது. நம் கரையை அப்படி எந்த இரவும் அழிக்கவில்லை. கரும்பை அடியிலிருந்து கடித்துத் தின்பதுபோல் ஆண்டுக்குச் சில அடியாகத் தின்றது. இதற்குக் காரணம் காண வேண்டுமானால் சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

துறைமுகம் இல்லாத பட்டணம்

ஆங்கிலக் கம்பெனியார் 1640-இல் ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கிய இடத்தில் கப்பல் ஒதுங்குவதற்கு வளைகுடாவும் இல்லை, ஆழமான கழியும் இல்லை. நேர்கோடாக நீண்ட மணற்கரை மட்டுமே இருந்தது. கப்பல்கள் வெளியே ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகளே. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை தூக்கி மணலில் மோதினாலும் வளைந்து கொடுக்கும்; உடையாது. துரைமார்களும் அவர்தம் மனைவியரும் அச்சத்தோடு ஏறிய அப்படகுகளைச் செலுத்தியவர்களுள் நம் கத்தோலிக்க மக்கள் பலர். அவர்களே இராயபுரத்தில் 1829-ஆம் ஆண்டைச் சேர்ந்த புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பினர். இராயப்பர் பெயரால்தான் அவ்வூருக்கே இராயபுரம் என்ற பெயர் வந்தது என்பர். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்டதும் அவ்வூரிலிருந்தேயாகும்.

வாணிகம் பெருகவே படகுகள் போதவில்லை. 1861-இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. 1868, 1872 ஆண்டுகளின் புயல்கள் அதைப் பயனற்றதாக்கின. பின்னர், இரு பக்கமும் கற்சுவர்களைக் கடலுக்குள் செலுத்தி, நடுவே அமைதியான நீரை உண்டாக்கும் திட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கராச்சியில் அலைத்தடுப்புச் சுவர் அமைத்த வில்லியம் பார்க்ஸ் என்பாரே இதற்கும் திட்டம் வரைந்தார். 1875 டிசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1876-இல் வேலை தொடங்கியது. சுவர்கள் முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றைப் பெரிதும் சிதைத்தது. எனினும் விடாமல் முயன்று 1890-களில் கட்டி முடித்தனர்.

அதுமுதல் மசூலாப் படகுகளின் காலம் மெல்ல மறைந்தது. படகோட்டிய மக்களின் பிழைப்புக்கு அது முதல் அடி. இரண்டாவது அடி மணலின் வழியாக வந்தது. அது மெதுவாக வந்தமையால், யாரால் வந்தது என்று பலருக்கு விளங்கவில்லை.

மணலும் பயணம் செய்கிறது

கரையில் நிற்பவருக்கு மணல் அசையாமல் கிடப்பதாகவே தோன்றும். உண்மையில் நம் கரையின் மணல் ஓயாது பயணம் செய்துகொண்டே இருக்கிறது. அலை பெரும்பாலும் கரைக்கு நேர் எதிராக வருவதில்லை, சாய்ந்து வருகிறது. சாய்ந்து ஏறும் அலை மணலைத் தன்னோடு சாய்வாகத் தள்ளுகிறது. திரும்பும் நீரோ பள்ளத்தை நோக்கி நேராக இறங்குகிறது. அடுத்த அலை மறுபடியும் சாய்வாகத் தள்ளுகிறது. இப்படி ஒவ்வோர் அலைக்கும் ஒவ்வோர் எட்டாக மணல் கரையோரமாக நடந்து செல்கிறது.

எத்திசையில் செல்கிறது? ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மணல் தெற்கே திரும்புகிறது. நம் மீனவர் கடல்நீரின் ஓட்டத்தைத் தெற்கிலிருந்து வந்தால் ‘தெண்டி’ என்றும், வடக்கிலிருந்து வந்தால் ‘வன்னி’ என்றும் பெயரிட்டு அழைக்கின்றனர். வலை போடுமுன் அவர்கள் பார்ப்பது இதைத்தான். புத்தகம் படித்து வந்த அறிவன்று இது. தகப்பனிடமிருந்து மகன் கற்றது. இவ்விரு திசைகளின் வரவு செலவைப் பார்த்தால், வடக்கே போகும் மணலே மிகுதி. ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்காக இக்கரையைக் கடக்கிறது.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. நம் கரையிலிருந்து மணல் போவது குற்றமன்று. அது என்றும் போய்க்கொண்டேதான் இருந்தது. போன மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து மணல் வந்துகொண்டிருந்த வரையில் கரை நிலைத்து நின்றது. குடும்பத்தில் செலவு வழக்கம்போல் நடக்க, வருவாய் மட்டும் நின்றுபோனால் என்னவாகும்? கையிருப்பு கரையும். வடசென்னைக் கரைக்கு நேர்ந்தது அதுவே. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டபோது கப்பலுக்கு வழி பிறந்தது. மணலுக்கு வழி அடைபட்டது. ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டினால் மேற்புறம் நீர் தேங்கிக் கீழ்ப்புறம் வற்றுவதுபோல, சுவரின் தெற்கே மணல் தேங்கியது. வடக்கே கரை வற்றியது.

தெற்கே வளர்ந்தது

தெற்கே என்ன நேர்ந்தது என்பதற்குக் கல்லில் எழுதினாற்போல் சான்று நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. வெயிலில் உருகிவிடும் பனிக்கட்டியை இறக்கி வைக்கும் கிடங்கைக் கடலுக்கு மிக அருகில்தானே கட்டியிருப்பர்! இன்று அதன் வாசலில் நின்று பார்த்தால், சாலைக்கு அப்பால் பரந்த மணல்வெளியைக் கடந்துதான் கடல் தெரிகிறது.

1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், இத்தாலி நாட்டுச் சிசிலித் தீவில் தாம் கண்ட கடற்கரையை நினைத்து, இங்கே நடைபாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். அவர் காலத்தில் அது குறுகிய கரையே. இன்று அதன் சராசரி அகலம் ஏறத்தாழ 300 மீட்டர் என்பர். கூட்டங்கள் கூடவும், குழந்தைகள் ஓடியாடவும், தலைவர்களின் நினைவிடங்கள் எழவும் இடம் தந்த அம்மணல்வெளி, பெரும்பாலும் துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்திய மணலால் ஆனது. கூவத்தின் முகத்துவாரம் அடைபட்டு நீர் நாறுவதற்கும் இந்த மணல் தேக்கம் ஒரு காரணம்.

மெரினாவின் அழகைக் கண்டு நாம் பொறாமை கொள்ளவில்லை. அதுவும் நம் நகரின் சொத்தே. ஆனால், “இத்தனை மணல் இங்கே எப்படி வந்தது?” என்று நம் பிள்ளைகள் கேட்டால், “வடக்கே போக வேண்டிய மணல் இங்கே தங்கிற்று” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வடக்கே தேய்ந்தது

இது நேரும் என்று அறிந்தவர் யாரும் அந்நாளில் இல்லையா? இருந்தனர். 1904 முதல் 1919 வரை துறைமுகத்தை நிர்வகித்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் மணலின் போக்கை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார். கிழக்கே பார்த்திருந்த துறைமுக வாசல் மணலுக்கும் அலைக்கும் இடம் கொடுத்தமையால், அதை அடைத்து வடகிழக்கில் புதிய வாசல் திறந்தவர் அவரே. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய மணல் ஓட்டம் குறித்து அவர் எழுதிய கட்டுரை, முதல் உலகப் போருக்கு முன்பே இலண்டன் பொறியாளர் கழகத்தின் ஏடுகளில் அச்சேறிவிட்டது. ஆகவே மணலைப் பற்றிய அறிவு நூறாண்டுக்கு மேல் பழையது. அந்நாளைய கவலை எல்லாம் மணல் கப்பலைத் தடுத்துவிடக் கூடாதே என்பதுதான். மணலை இழக்கும் குப்பங்களுக்காகக் கணக்குப் பார்த்தவர் அரியர்.

விடுதலைக்குப் பின் துறைமுகம் மேலும் வளர்ந்தது. 1964-இல் ஜவகர் கப்பல்துறையும், 1972-இல் எண்ணெய்க் கப்பல்களுக்கான பாரதி கப்பல்துறையும் வந்தன. நாட்டுக்கு வேண்டியவைதாம். நம் இளைஞர்களுக்கும் அவற்றால் வேலை கிடைத்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வடக்கே இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எனக் கரை ஒதுங்கிக்கொண்டே சென்றது. எண்ணூருக்குச் செல்லும் கடலோரச் சாலையே பல முறை சேதமுற்று, அதைக் காக்கக் கற்சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று.

கல்லால் காத்த கரை

கடலரிப்பு என்றதும் நம் மக்கள் கேட்பது கல். கல் போடுவதால் ஒரு பயன் உண்டு: கல்லுக்குப் பின்னால் உள்ள வீடும் சாலையும் அப்போதைக்குத் தப்புகின்றன. ஆனால் அதன் மறுபக்கத்தையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். மணலில் ஏறும் அலை தன் வேகத்தை மணலிலேயே இழக்கிறது. சுவரில் மோதும் அலை வேகம் குறையாமல் திரும்பி, சுவரின் காலடி மணலை இழுத்துச் செல்கிறது. ஆகவே சுவரின் முன்னே கரை மிஞ்சுவதில்லை. காலப்போக்கில் கற்களும் சரிகின்றன; மீண்டும் கல் கொட்ட வேண்டியதாகிறது. அதோடு, சுவர் முடியும் இடத்திற்கு வடக்கே உள்ள ஊரில் அரிப்பு புதிதாகத் தொடங்குகிறது.

கடலுக்குள் குறுக்காக நீட்டப்படும் தூண்டில் வளைவுகளைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். இரு வளைவுகளுக்கு நடுவே மணல் சேர்கிறது என்பது உண்மை. இராயபுரத்திற்கு வடக்கே அமைத்த வளைவுகளின் இடையே சிறு சிறு மணல் திட்டுகள் தோன்றி, படகு ஏற்றவும் சிறுவர் விளையாடவும் இடம் தந்திருக்கின்றன. ஆயினும் அங்கே தங்கிய மணலும் வேறொரு குப்பத்திற்குப் போக வேண்டிய மணலே. தெற்கே உள்ளவர் நமக்குச் செய்ததை நாம் வடக்கே உள்ளவருக்குச் செய்யும்படி ஆகிவிடுகிறது. காயினிடம் ஆண்டவர் கேட்ட கேள்வி நமக்கு நினைவில் இருக்கட்டும்: நமக்கு அடுத்த ஊரின் காவலரும் நாமே.

இன்று அரிப்பு எண்ணூரைத் தாண்டிச் சென்றுவிட்டது. 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் வந்த காட்டுப்பள்ளித் துறைமுகமும் மணலின் பாதையில் புதிய தடைகளாக நிற்கின்றன. அவற்றிற்கு வடக்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மெல்லிய மணல்மேட்டை நம்பி நிற்கிறது பழவேற்காடு. 1515-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் அங்கேதான் உள்ளது. அந்த மணல்மேடு அறுபட்டால் ஏரியும் அதை நம்பிய ஊர்களும் என்னவாகும் என்று எண்ணவே அச்சமாயிருக்கிறது.

தெற்கே புதுச்சேரியிலும் இதே கதை நடந்தது. 1980-களின் பிற்பகுதியில் அங்கே துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், வடக்கே நகரின் அழகிய மணற்கரை சில ஆண்டுகளில் மறைந்தது. கல்லைக் கொட்டி நகரைக் காத்தனர். அரிப்பு கோட்டக்குப்பம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களுக்கு நகர்ந்தது. ஒரே காரணம், ஒரே விளைவு. ஆகவே இது நம் ஊருக்கு மட்டும் வந்த சாபம் என்று எண்ணுவது பிழை.

பிற காரணங்கள்

துறைமுகம் ஒன்றே காரணம் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. கடற்கரை மணலில் பெரும்பகுதி ஆறுகள் கொண்டு வந்தது. காவிரியில் 1934-இல் மேட்டூர் அணையும், கொசத்தலையாற்றில் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கமும் எழுந்தன. இவைபோல் எத்தனையோ அணைகள் பின்னர் வந்தன. தண்ணீரைத் தடுக்கும் அணை மணலையும் தடுக்கிறது. அணையைத் தாண்டி எஞ்சிய மணலையும் லாரிகளில் அள்ளிக் கட்டடமாக்கி விட்டோம். ஊற்று வற்றிய பின் வாய்க்காலில் நீர் எப்படி ஓடும்?

கடல்மட்டமும் உயர்ந்து வருகிறது. 1900-ஆம் ஆண்டு முதல் இதுவரை உலகக் கடல்களின் மட்டம் சராசரியாக 20 செ.மீ. அளவு உயர்ந்துள்ளதாக அறிஞர் கணிக்கின்றனர்; அந்த வேகம் இப்போது கூடியிருக்கிறது. சரிவு குறைந்த மணற்கரையில் கடல் ஒரு சாண் உயர்ந்தால், நிலத்தில் பல அடி உள்ளே வருகிறது. கரையோர மணல்மேடுகளையும், அவற்றைப் பிடித்து வைத்திருந்த அடம்பன் கொடியையும் பனைகளையும் அழித்துக் கட்டடம் எழுப்பியதும் ஒரு காரணம். மணல்மேடு என்பது கரையின் சேமிப்பு; புயல் எடுத்துச் சென்றதைச் சில மாதங்களில் அலையே திருப்பித் தரும். சேமிப்பும் இல்லை, வரவும் இல்லை என்றால் புயல் எடுத்தது எடுத்ததுதான்.

1990-க்குப் பிந்தைய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட மத்திய அரசின் கடலோர ஆய்வு மையம், இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகிறது என்றும், தமிழ்நாட்டில் அது நூற்றுக்கு 40-க்கும் மேல் என்றும் கண்டறிந்துள்ளது.

நாம் இழந்தவை

கரை போனதால் வீடு போயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். கையில் பத்திரம் இருக்கிறது, நிலம் கடலுக்குள் இருக்கிறது என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால் இழப்பு அதோடு நிற்கவில்லை.

மீனவருக்குக் கரை என்பது வெறும் மணல் அன்று. கட்டுமரம் ஏற்றும் இடம் அது. வலை பரப்பிப் பின்னும் இடம் அது. கரைவலை இழுப்பதற்கு நீண்ட மணல் வேண்டும். மணல் போனதும் அத்தொழிலும் போயிற்று. அதில் பங்கு பெற்று வாழ்ந்த முதியோரும் ஏழைகளும் பிழைப்பு இழந்தனர். கருவாடு உலர்த்தி விற்ற தாய்மார்கள் இன்று சாலையோரத்தில் வெயிலையும் புழுதியையும் லாரிகளையும் பார்த்துக்கொண்டு உலர்த்துகின்றனர். கற்களுக்கு நடுவே படகு இறக்க முடியாமையால், வீட்டுக்கு எதிரே கடல் இருந்தும் காசிமேட்டுத் துறைமுகத்தில் படகை விட்டுவிட்டு நடந்து வருகின்றனர் நம் ஆண்கள். கிணற்று நீர் உப்பாயிற்று. முட்டையிட வரும் கடலாமைக்கும் மணல் இல்லை.

இவற்றைவிடப் பங்குத் தந்தையின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் இழப்பு வேறொன்று. வீடு இழந்த குடும்பங்கள் நகரின் உட்புறக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்படும்போது, சுற்றமும் அன்பியமும் பாடகர் குழுவும் சிதறுகின்றன. திருவிழாவுக்கு இரண்டு பேருந்து மாறி வந்து, கொடி ஏறியதும் கடைசிப் பேருந்துக்கு ஓடும் குடும்பங்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கடலிலிருந்து தூரத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தெண்டியும் வன்னியும் வெறும் சொற்களாகிவிடுகின்றன.

நாம் கேட்க வேண்டியது

கடலுக்கு எல்லை வகுத்தவர் ஆண்டவரே என்று யோபு ஆகமத்தில் படிக்கிறோம். அந்த எல்லையைச் சுவர் கட்டிக் கலைத்தவர் மனிதர். ஆகவே திருத்த வேண்டியவரும் மனிதரே. திருத்த முடியுமா? முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தருகே சேரும் மணலை வாரியெடுத்து வடக்கே நகரின் கரையில் இடும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்தில் 2001 முதல் குழாய் வழியாக மணலை மறுகரைக்குச் செலுத்தி வருகின்றனர். புதுச்சேரியிலும் 2018-ஐ ஒட்டி, தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் துணையோடு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்ததில் நகரின் முன்னே மணல் மீண்டும் சேர்ந்தது.

எனவே இனி அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கும்போது, “எங்களுக்குக் கல் போடுங்கள்” என்று மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. தடுத்த மணலைத் தடுத்தவர் வடக்கே கடத்தித் தர வேண்டும். அதைத் துறைமுகத்தின் அன்றாடச் செலவுகளுள் ஒன்றாக வைக்க வேண்டும் என்று கேட்போம். புதிய சுவர் எதுவும் கடலில் எழுமுன், அதற்கு வடக்கே உள்ள குப்பங்களைக் கூட்டிவைத்துக் கேட்க வேண்டும் என்று சொல்வோம். கரை இழந்தோருக்குக் கடலை விட்டுத் தொலைவில் அல்ல, தொழிலுக்கு எட்டும் தூரத்தில் வீடு வேண்டும் என்போம். இவற்றைத் தெற்கே உள்ள பங்குகளோடும் வடக்கே உள்ள பங்குகளோடும், இந்து, இஸ்லாமியச் சகோதரர்களோடும் சேர்ந்து கேட்போம். மணல் சாதியும் சமயமும் பார்த்து நடப்பதில்லை.

யூபிலி ஆண்டின் நினைவாக நம் பங்குப் பேரவை ஒரு சிறு பணியை மேற்கொள்ள வேண்டுகிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரம், வரி ரசீது, கடற்கரையில் எடுத்த திருமணப் படம் ஆகியவற்றைக் கொண்டு வந்து காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். மறைந்த தெருக்களின் வரைபடம் ஒன்றைப் பெரியவர்களின் நினைவிலிருந்து எழுதி வைப்போம். ஆண்டுதோறும் திருவிழாக் கொடியேற்றத்தன்று காலையில், கொடிமரத்தின் அடியிலிருந்து அலை தொடும் இடம் வரை நம் இளைஞர் அணியினர் நாடா வைத்து அளந்து, அந்த அளவைப் பங்கின் குறிப்பேட்டில் தேதியோடு எழுதட்டும். நமக்குப்பின் வரும் பங்குத் தந்தையும் பங்கு மக்களும் அதைத் தொடரட்டும். கண்ணீரைவிட எழுதி வைத்த அளவுக்கு அலுவலகங்களில் மதிப்பு உண்டு.

கடலையும் கரையையும் படைத்த இறைவன் உங்கள் இல்லங்களையும் தொழிலையும் காத்து ஆசீர்வதிப்பாராக.

— பங்குத் தந்தை